அம்மாபேட்டை நீள வீட்டில் ஆயாவுக்கு ஒரு காவல்: இணையமும் கேமராவும் இல்லாமல்

தனியாக இருக்கும் ஒரு மூதாட்டியின் வீட்டில் நாங்கள் பொருத்திய எச்சரிக்கை அமைப்பு ஒரு முழுக் கோடையையும் அதற்குப் பின் வந்த மழையையும் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இப்போது எழுதுகிறோம். பொருத்திய முதல் வாரத்தில் எதுவுமே வேலை செய்யும். சேலத்து ஏப்ரல் வெயில், பக்கத்து வீட்டு விசைத்தறி, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எல்லாம் வந்துபோன பிறகு எது மிஞ்சுகிறதோ அதைத்தான் இன்னொரு வீட்டுக்குச் சொல்ல முடியும்.

வீடு சேலம் அம்மாபேட்டையில் எங்கும் பார்க்கக்கூடிய அமைப்புதான். தெருப்பக்கம் 4 மீட்டர் முகப்பு, உள்ளே 20 மீட்டருக்கு மேல் நீளம். திண்ணை, நடை, கூடம், சமையல்கட்டு, திறந்த முற்றம், முற்றத்தின் கடைசியில் குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்த ஓர் அறை. கூடத்துக் கட்டிலிலிருந்து அந்த அறை வரை 11 மீட்டர். வழியில் ஒரு நிலைப்படி, அதைத் தாண்டியதும் ஒரு படி இறக்கம். இரண்டு பக்கச் சுவரும் அண்டை வீடுகளோடு பொது. ஒரு பக்கம் தறி ஓடுகிறது.

வீட்டில் இருப்பவர் எழுபதுகளின் கடைசியில் இருக்கும் ஒரு பெண்மணி. தெருவே அவரை ஆயா என்றுதான் கூப்பிடுகிறது. மகள் ஈரோட்டில், மகன் பெங்களூரில். சமையல், கடைகண்ணி, கோயில் எல்லாம் அவரே பார்த்துக்கொள்கிறார். முழங்கால் வலியும், இரவில் கண் மங்கலும், கொஞ்சம் காது மந்தமும் உண்டு. வேறு எங்கும் போய் இருக்க அவருக்கு விருப்பமில்லை, போக வேண்டிய அவசியமும் இன்னும் வரவில்லை.

தேவைகள் மூன்று. இரவில் கழிப்பறைக்குப் போகும் வழி தெரிய வேண்டும். காலையில் எழுந்திருக்கவில்லை என்றால் யாருக்காவது தெரிய வேண்டும். குளியலறையில் விழுந்தால் கூப்பிட வழி வேண்டும். இதற்கு மேல் எதையும் சேர்க்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்தது நல்லதாகப் போயிற்று. ஆயா எதையும் கையில் கட்டிக்கொள்ளக் கூடாது, சார்ஜ் போடக் கூடாது, புதிதாக எதையும் பழகக் கூடாது என்பது நிபந்தனை. விழுந்தால் சொல்லும் கைக்கடிகாரங்கள் இருக்கின்றன. ஆனால் வயதானவர்கள் குளிக்கப் போகும்போது கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவார்கள், விழுவதற்கு வாய்ப்பு அதிகமுள்ள இடமும் அதுதான். கேமரா பேச்சையே எடுக்கவில்லை. சொந்த வீட்டில் கால் நீட்டி உட்கார ஒருவர் யோசிக்க வேண்டியிருந்தால், அவர் அங்கே தனியாக இருப்பதற்கே பொருளில்லை.

கொத்தனார், தச்சர் வேலை முதலில்

குளியலறைக் கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தது. உள்ளே விழுந்தவர் கதவை ஒட்டிக் கிடந்தால் வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. அழைப்பு மணி எவ்வளவு நன்றாக அடித்தாலும் ஓடி வந்தவர் கதவுக்கு வெளியேதான் நிற்பார். கீலை மாற்றிப் போட்டு வெளிப்பக்கம் திறக்கும்படி செய்தோம். உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறந்துகொள்ளும் வகைத் தாழைப் போட்டோம். பழைய கீல் இருந்த திருகு ஓட்டைகளை எபாக்ஸி பசையால் அடைத்து ஒரு நாள் காயவிட்டுத்தான் புதிய ஓட்டை போட வேண்டும், இல்லையென்றால் திருகு பழைய ஓட்டைக்குள்ளேயே வழுக்கிப் போகும்.

பிடிகம்பி இரண்டு. 304 ரக எவர்சில்வர், 32 மி.மீ. விட்டம், 45 செ.மீ. நீளம். ஒன்று கழிப்பறை இருக்கைக்குப் பக்கத்தில் தரையிலிருந்து 85 செ.மீ. உயரத்தில் கிடைவாக்கில், மற்றது அறை வாசலில் நெட்டாக. சுவர் நாலரை அங்குலச் செங்கல் சுவர். இதில் பிளாஸ்டிக் பிளக் வைத்துத் திருகினால், ஓட்டை செங்கல் இணைப்பில் விழுந்த இடத்தில் கொஞ்ச நாளில் ஆட்டம் கண்டுவிடும். ஆடும் பிடிகம்பி இல்லாததைவிட ஆபத்து, ஏனென்றால் ஆள் அதை நம்பிச் சாய்வார். எனவே சுவரை முழுக்கத் துளைத்து 10 மி.மீ. போல்ட் விட்டு, வெளிப்பக்கம் 10க்கு 10 செ.மீ., 4 மி.மீ. கனத் தகடு வைத்து முடுக்கினோம். டைல்ஸைத் தாண்டும் வரை துளையிடும் கருவியில் ஹேமரை அணைத்தே வைத்திருக்க வேண்டும், போட்டால் டைல்ஸ் நட்சத்திரமாக விரியும். அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகளுக்கான ஏடிஏ விதி பிடிகம்பி 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும் என்கிறது. கயிறு கட்டி, கனமான ஆள் ஒருவர் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்த பிறகுதான் ஆயாவைத் தொட விட்டோம்.

முற்றத்துக்கு இறங்கும் படி 16 செ.மீ. இருந்தது. அதை எட்டு எட்டாக இரண்டு படியாக்கி, கால் வைக்க 35 செ.மீ. அகலம் விட்டு, மெருகு ஏற்றாத கடப்பாக்கல் பதித்தோம். விளிம்பில் 5 செ.மீ. மஞ்சள் பட்டை.

இரவு வெளிச்சம்

எழுந்து போகும் வழியில் சுவரின் அடிப்பக்கம், தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில், 12 வோல்ட் எல்இடி பட்டை. மீட்டருக்கு 60 விளக்கும் 4.8 வாட்டும் கொண்ட மெல்லிய ரகம், மஞ்சள் சாயல் உள்ள 3000 கெல்வின். மொத்தம் 6 மீட்டர். பால்நிற மூடி உள்ள அலுமினியக் காடிக்குள் வைத்து, ஒளி தரையைப் பார்க்கும்படி திருப்பினோம். முழு ஒளி தேவையே இல்லை, 30 சதவீதத்தில் ஓட விட்டால் போதும். நடுராத்திரியில் டியூப் லைட்டைப் போட்டால் வயதான கண்ணுக்குச் சில நொடிகள் எதுவுமே தெரியாது, அணைத்த பிறகு அதைவிட அதிக நேரம் தெரியாது. அதனால் பட்டை ஒரு நொடியில் மெல்ல ஏறும்படி, எல்லாவற்றையும் இயக்கும் இஎஸ்பி32 என்ற சின்னக் கணினிப் பலகையில் நிரல் எழுதினோம். ஒளியைக் கூட்டிக் குறைக்க மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுக் கொடுக்கும் பிடபிள்யூஎம்மை, ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் வழியாகக் கொடுத்தோம். வயர் 1 சதுர மி.மீ. இருந்தால் 11 மீட்டர் தூரத்துக்கு மின்னழுத்த வீழ்ச்சி கவலைப்படும் அளவுக்கு இருக்காது.

விளக்கை ஏற்றும் உணரிதான் கஷ்டப்படுத்தியது. வழக்கமான பிஐஆர் உணரியான எச்சி-எஸ்ஆர்501ஐக் கட்டிலுக்கு அடியில் வைத்து, லென்ஸின் மேல்பாதியைக் கறுப்பு டேப்பால் மறைத்து, தரையில் கால் வைத்தால் மட்டும் பார்க்கும்படி அமைத்தோம். மாசியில் அருமையாக வேலை செய்தது. சித்திரை பிறந்ததும் மூன்று தடவைக்கு ஒரு தடவை விளக்கு எரியவில்லை. பிஐஆர் பார்ப்பது அசைவை அல்ல, சுற்றுப்புறத்துக்கும் உடம்புக்கும் உள்ள வெப்ப வேறுபாடு நகர்வதை. பகல் முழுக்க வெயில் குடித்த மொட்டை மாடிக்குக் கீழே, காற்றோட்டம் இல்லாத கூடத்தில், இரவு 11 மணிக்கும் தரை வெப்பம் பாதத்தின் வெப்பத்துக்குப் பக்கத்தில் நின்றது. வேறுபாடே இல்லாதபோது உணரிக்குக் கால் தெரியாது. உணர்திறன் திருகை எவ்வளவு திருப்பினாலும் இதற்கு வழியில்லை. சேலம், ஈரோடு, வேலூர் பக்கம் பிஐஆரை நம்பி எதையாவது கட்டுகிறவர்கள் மே மாதத்தில் ஒரு முறை சோதிக்காமல் வேலை முடிந்தது என்று சொல்ல வேண்டாம்.

மாற்றாக வைத்தது விஎல்53எல்0எக்ஸ் என்ற லேசர் தூரமானி. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பி அது திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும், வெப்பத்தோடு சம்பந்தமில்லை. தலைமாட்டுக் கட்டில் காலில், தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில், கட்டிலின் பக்கவாட்டை ஒட்டிக் கால்மாட்டைப் பார்க்கும்படி பொருத்தினோம். ஆயா காலைக் கீழே போட்டதும் கற்றை மறிபடும். தொடர்ந்து இரண்டு அளவுகள் 110 செ.மீ.க்குக் கீழே வந்தால் விளக்கு. வாங்கும்போது உணரியின் முகத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அதை உரிக்காவிட்டால் எப்போதும் சில சென்டிமீட்டரே காட்டும். உணரியைப் பலகையோடு இணைக்கும் ஐ2சி வயர் ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதால் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் ஒரு சின்னப் பெட்டி தேவைப்பட்டது. பூனை குறுக்கே போனாலும் விளக்கு எரியும். எரியட்டும். ஆனால் இந்தக் கற்றையை மட்டும் வைத்து ‘ஆயா எழுந்துவிட்டார்’ என்று முடிவு கட்டக் கூடாது.

அணைவதற்கு நேரக் கணக்கு போதாது. கழிப்பறையில் உட்கார்ந்திருப்பவரை எந்த உணரியும் பார்க்கவில்லை. நான்கு நிமிடத்தில் விளக்கு அணைந்தால் திரும்பி வரும் வழி இருட்டு. ஆகவே முற்றத்துக்குப் போகும் புறக்கடைக் கதவு திறந்தால், அது மறுபடி மூடப்பட்டுக் கட்டில் கற்றை மறிபடும் வரை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

காலை நடமாட்டம்

ஆயா எழுந்ததும் முதலில் செய்வது புறக்கடைக் கதவைத் திறப்பது. அதில் கதவு திறந்ததைச் சொல்லும் ஒரு காந்த ரீட் சுவிட்ச். கூடத்தில் எல்டி2410சி என்ற 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார். 4:30 மணியிலிருந்து 7 மணிக்குள் கதவும் திறந்து, அதற்கு மூன்று நிமிடம் முன்போ பின்போ ரேடாரும் ஆளைப் பார்த்திருந்தால் அன்றைய சோதனை முடிந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு என்று வைத்ததற்குக் காரணம் ரேடாரின் குணம். அது மின்விசிறியையும் ஆள் என்றே சொல்லும். கொடியில் காயும் சேலை விசிறிக் காற்றில் ஆடினால் அதையும் ஆள் என்று சொல்லும்.

விசிறித் தொல்லையைக் குறைக்க ரேடாரைச் சுவரில் 60 செ.மீ. உயரத்துக்கு இறக்கி, பெட்டியின் மேல்பக்கம் ஓர் அலுமினியத் தகட்டைக் கூரைபோல் 6 செ.மீ. நீட்டினோம். உலோகத்தை அந்த அலை தாண்டாது. பெட்டியின் முகம் மட்டும் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். இந்த ரேடார் தூரத்தை 75 செ.மீ. கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி உணர்திறன் வைக்க விடும். விசிறி விழும் கட்டங்களில் அதைக் குறைத்து, கட்டிலும் நாற்காலியும் இருக்கும் கட்டங்களில் அப்படியே விட்டோம். கைபேசிச் செயலியில் புளூடூத் வழியாக அமைத்து முடித்ததும் புளூடூத்தை அணைத்துவிடுவது நல்லது.

அதிர்வு உணரியைக் கட்டிலுக்கு அடியில் வைத்து ஆள் விழும் சத்தத்தைப் பிடிக்கலாம் என்று ஒரு யோசனை பரவலாக இருக்கிறது. தறி ஓடும் தெருவில் அதை நினைக்கவே வேண்டாம். பொதுச் சுவர் வழியாக நாடா அடிக்கும் அதிர்வு தரையிலேயே இருக்கிறது.

7 மணி வரை அறிகுறி இல்லை என்றால் உடனே யாரையும் கூப்பிடுவதில்லை. முதலில் வீட்டுக்குள்ளேயே ஒரு குரல்: “அம்மா, எந்திரிச்சாச்சா? பச்சைப் பொத்தான அமுத்தும்மா.” மகள் பேசிப் பதிவு செய்தது, டிஎஃப் பிளேயர் மினி என்ற சின்ன எம்பி3 பலகையும் 3 வாட் ஒலிபெருக்கியும் போதும். தெரியாத குரலைப் போட்டால் அது தொலைபேசி நிறுவனத்தின் அறிவிப்பு மாதிரி இருக்கும், வயதானவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். குரலுக்கு முன் ஒரு மணியோசை வேண்டும் என்றால் கடையில் கிடைக்கும் பீசோ பஸ்ஸரை வாங்க வேண்டாம். அது 3,000 ஹெர்ட்ஸுக்கு அருகில் கீச்சிடும், வயதாகும்போது முதலில் மங்குவது அந்த உயர் சுருதிகள்தான். 520 ஹெர்ட்ஸ் சதுர அலையை ஒலிக்கோப்பாகச் செய்து போட்டோம். காது மந்தமானவர்களுக்கும் அது எட்டுகிறது, தூக்கத்தில் இருப்பவரையும் எழுப்புகிறது.

பத்து நிமிடத்தில் பொத்தான் அழுத்தப்படவில்லை என்றால் தொலைபேசி அழைப்பு தொடங்கும்.

இன்னொரு விதியும் சேர்ந்தது: இரவில் புறக்கடைக் கதவு திறந்து 40 நிமிடம் ஆகியும் ஆள் கூடத்துக்குத் திரும்பவில்லை என்றால் அதே வரிசை. வேனல் இரவுகளில் காற்றுக்காக முற்றத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுக்கும் பழக்கம் இருப்பதால் இது பொய்யாக அடித்தது. நேரத்தை நீட்டிவிட்டால் விதியால் பயனில்லை. முற்றத்துக்கும் ஓர் ஒலிபெருக்கி, புறக்கடை நிலையில் இரண்டாவது பச்சைப் பொத்தான் என்று வைத்ததும் சரியாயிற்று.

பூட்டு தொங்கும் ஆணி

ஆயா ஊருக்குப் போனால்? கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நாளில் விடியுமுன் கிளம்பினால்? கிளம்பும்போது ஒரு பொத்தானை அழுத்துங்கள் என்று சொன்னால் பாதி நாள் மறந்துபோகும். வெளியே போகிறவர் எப்படியும் செய்யும் காரியம் ஒன்றே ஒன்று: நடைச் சுவரில் ஆணியில் தொங்கும் பூட்டை எடுப்பது. அந்த ஆணிக்குப் பதில் ஒரு கொக்கியும், அதற்குப் பின்னால் நெம்புகோல் மைக்ரோ சுவிட்சும் வைத்தோம். கனமான திண்டுக்கல் பூட்டு, சுவிட்ச் அமுங்கப் போதுமான எடை. பூட்டு கொக்கியில் இருந்தால் ஆள் வீட்டில். இல்லாவிட்டால் வெளியே, காலைச் சோதனை நிறுத்தம்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, இன்னொரு வீட்டில் இதைச் செய்கிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். இரவில் கம்பிக் கதவை உள்ளேயிருந்து பூட்டவும் அதே பூட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். அப்படியானால் இரவு முழுக்கக் கொக்கி காலி, அமைப்பு ஆளை வெளியூர் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கும். எது வேலை செய்ய வேண்டுமோ அந்த நேரத்தில்தான் அது அணைந்திருக்கும். இரவுக்குத் தனிப் பூட்டு ஒன்று வாங்கிக் கம்பிக் கதவிலேயே சங்கிலி போட்டுத் தொங்கவிட்டோம். அதோடு, கொக்கி காலியாக இருந்தாலும் கூடத்தில் ரேடார் பத்து நிமிடம் விடாமல் ஆளைக் கண்டால் ‘வெளியே’ நிலை ரத்தாகும்.

குளியலறைக் கயிறு

கூரையிலிருந்து தொங்கும் சிவப்பு நைலான் கயிறு, அதில் 5 செ.மீ. விட்டமுள்ள இரண்டு வளையங்கள். ஒன்று தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில், மற்றது 10 செ.மீ. உயரத்தில். கீழ் வளையம்தான் முக்கியம். விழுந்து கிடப்பவரின் கைக்கு எட்டுவது அதுதான். துடைப்பத்துக்கு இடைஞ்சல் என்று யாராவது கயிற்றைச் சுருட்டி மேலே கட்டிவிடுவார்கள். வேலைக்கு வரும் அம்மாவிடம் அதைத் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும்.

ஈரமான அறை என்பதால் 230 வோல்ட் எதுவும் இந்தக் கயிற்றுப் பக்கம் வரவில்லை, 3.3 வோல்ட் மட்டும். பெட்டியிலிருந்து அறைக்கு 16 மீட்டர் கேட்5 வயரில் ஒரு ஜோடி. இங்கே இரண்டு பிரச்சினைகள். தறி மோட்டார் ஓடி நிற்கும்போது நீள வயரில் எழும் மின் துள்ளல், இஎஸ்பி32இன் உள்ளிருக்கும் பலவீனமான புல்-அப்பை (உள்ளீட்டை மேலே இழுத்துப் பிடிக்கும் மின்தடையை) ஏமாற்றி, யாரும் இழுக்காமலே இழுத்ததாகக் காட்டும். அடுத்தது எலி. வயர் துண்டானால் சாதாரண சுவிட்ச் அமைப்பில் யாருக்கும் தெரியாது, கயிறு தொங்கும், வேலை செய்யாது.

இரண்டுக்கும் ஒரே விடை, திருட்டு எச்சரிக்கை மணிக்காரர்கள் பயன்படுத்தும் கடைசி மின்தடை முறை. பெட்டியில் 3.3 வோல்ட்டிலிருந்து 4.7 கிலோ ஓம். கயிற்றுச் சுவிட்ச் இருக்கும் கடைசி முனையில் ஜோடிக்குக் குறுக்கே நிரந்தரமாக இன்னொரு 4.7 கிலோ ஓம். கயிற்றை இழுத்தால் மூன்றாவது 4.7 கிலோ ஓம் அதற்கு இணையாகச் சேரும். சாதாரண நிலையில் 1.65 வோல்ட், இழுத்தால் 1.1 வோல்ட், வயர் அறுந்தால் 3.3, ஒன்றோடொன்று ஒட்டினால் 0. நான்கையும் நிரல் தனித்தனியாக அறியும். அறுந்தால் மகனுக்கு ஒரு குறுஞ்செய்தி மட்டும் போகும். உள்ளீட்டில் 100 நானோஃபாரட் கபாசிட்டர், 200 மில்லிநொடி நிலைத்திருந்தால்தான் உண்மை என்ற நிபந்தனை. இஎஸ்பி32இல் 32 முதல் 39 வரையுள்ள, மின்னழுத்தம் அளக்கும் ஏடிசி1 முனைகளில்தான் இதைக் கொடுக்க வேண்டும், ஏடிசி2 முனைகள் வைஃபை இயங்கும்போது சரியாக அளக்காது. இப்போது வைஃபை இல்லை, நாளைக்கு யாராவது சேர்க்கலாம்.

கயிற்றை இழுத்தால் காத்திருப்பு எதுவும் கிடையாது. உடனே அழைப்பு, உடனே திண்ணையில் சைரனும் சிவப்புச் சுழல் விளக்கும். விளக்கு ஏன் என்றால், தறிச் சத்தத்தில் சைரன் அமுங்கிப்போகும். தெருவில் போகிறவர் கண்ணுக்கு விளக்கு தப்பாது.

பெட்டி, பேட்டரி, சிம்

எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி, நடையில், தெருப்பக்கச் சுவரில். கூடத்துத் தடித்த சுவர்களுக்குள் அலைபேசி சிக்னல் பாதியாகக் குறைந்தது. சிக்னல் அளவு கேட்டால், சிம் போட்டு அழைக்கும் மோடம் 0 முதல் 31 வரை ஓர் எண் தரும். 10க்குக் கீழே வரும் இடத்தில் பெட்டியை வைக்கக் கூடாது.

மோடம் ஏ7670சி, 4ஜி. சிம்800எல் இதில் நான்கில் ஒரு பங்கு விலைதான், ஆனால் அது 2ஜி மட்டும், ஜியோவில் 2ஜியே இல்லை. இன்னும் பல ஆண்டு ஓட வேண்டிய அமைப்புக்கு 2ஜியை நம்புவது சரியில்லை. ஏ7670 வரிசையில் குரல் அழைப்பு இல்லாத வகைகளும் விற்கிறார்கள், பார்த்து வாங்க வேண்டும். அழைக்கும் நொடியில் மோடம் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய ஜம்பர் வயரில் கொடுத்தால் மின்னழுத்தம் சரிந்து மோடம் மறுதொடக்கம் ஆகும், வெளியே பார்த்தால் சிம் பிரச்சினை போலவே தெரியும். தடித்த குட்டை வயரும், மோடத்தின் முனையிலேயே 1000 மைக்ரோஃபாரட் கபாசிட்டரும் போட்டதும் அது நின்றது.

அழைப்பு வரிசையில் முதலில் எதிர்வீடு, அடுத்து மூன்றாம் வீடு, பிறகு மகள், கடைசியில் மகன். நடந்தே வந்து கதவைத் தட்டக்கூடியவர் முதலில் இருக்க வேண்டும். பெங்களூரில் இருப்பவருக்கு முதலில் அடித்தால் அவரும் எதிர்வீட்டுக்குத்தான் போன் செய்வார், இடையில் போவது நேரம். ஒட்டிய தறிவீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் காலை 7 மணிக்குத் தறிக்குள் இருப்பவருக்கு எந்த மணியும் கேட்காது. அதனால் அவர் பட்டியலில் இல்லை. 108க்கு இயந்திரம் தானாக அழைக்கவே கூடாது. பொய் எச்சரிக்கை ஒன்றுக்கு வண்டி வந்தால், அந்த வண்டி தேவைப்படும் வேறொருவருக்கு அது தாமதம். மனிதர் பார்த்துவிட்டு 108ஐ அழைக்கட்டும். பெட்டியின் மூடியில் 108உம் முதியோர் உதவி எண் 14567உம் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது.

செய்தி கிடைத்தது என்று அமைப்புக்கு எப்படிச் சொல்வது? மிஸ்டு கால். எதிர்வீட்டார் அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோடம் எண்ணைப் பார்த்துத் துண்டித்துவிட்டு வரிசையை நிறுத்தும். மூன்று நிமிடத்தில் வராவிட்டால் அடுத்த எண். எல்லோருக்கும் பழகிய காரியம், சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அழைப்போடு ஒரு குறுஞ்செய்தியும் போகும்: “ஆயா வீட்ல இன்னும் நடமாட்டம் இல்லீங்க. ஒரு எட்டு போய்ப் பாருங்க.” தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 எழுத்து. புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாம் தனித்தனி எழுத்தாகக் கணக்கு. இது 63.

தினமும் மாலை 7 மணிக்கு மகளுக்கு ‘சரி’ என்று ஒரு செய்தி வரும். அது வராத நாள்தான் பெட்டி செத்திருக்கும் நாள். ரீசார்ஜ் முடிந்துபோவதும் இதில்தான் தெரியும். இணையம் சேராத, பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள நீண்ட காலத் திட்டம் போதும்.

நேரத்துக்கு டிஎஸ்3231 கடிகாரப் பலகை. இணையம் இல்லாமலே ஆண்டுக்கு ஒரு நிமிட அளவில்தான் பிசகும். பரவலாகக் கிடைக்கும் பலகையில் பொத்தான் பேட்டரிக்கு ஒரு சார்ஜ் பாதை இருக்கிறது. அதில் சார்ஜ் ஏற்றக்கூடாத சிஆர்2032ஐப் போட்டால் உப்பிவிடும். டயோடுக்குப் பக்கத்தில் உள்ள மின்தடையைக் கழற்றிவிட்டுப் போட வேண்டும்.

மின்சாரம் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி, எப்போதும் 13.6 வோல்ட்டில் மிதக்கும் சார்ஜர். உணரிகளும் பெட்டியும் சேர்ந்து 12 வோல்ட்டில் 0.15 ஆம்பியர்தான் எடுக்கின்றன. பேட்டரியில் 70 சதவீதம் வரை பயன்படுத்தினால் 32 மணி நேரம் தாங்கும். பராமரிப்பு மின்தடை காலையில் தொடங்கிச் சாயங்காலம் வரை நீண்டாலும் கவலையில்லை. இரவு விளக்கும் இதே பேட்டரிதான்: 0.7 ஆம்பியர், இரவுக்குச் சில தடவை, சில நிமிடங்கள். சார்ஜரின் 230 வோல்ட் பக்கம் மின் துள்ளலை விழுங்கும் ஒரு எம்ஓவியும் உருகியும் போட்டோம், தறி இணைப்புள்ள தெருவில் மின் துள்ளல் சாதாரணம்.

செலவும் அடுத்த வீட்டுக்கும்

மின்னணுப் பொருள்கள், பேட்டரி, பட்டை, வயர், பெட்டிகள் எல்லாம் சேர்த்துச் சுமார் 8,500 ரூபாய். அதில் பெரிய துண்டுகள் மோடம் 1,700, பேட்டரியும் சார்ஜரும் 1,850, எல்இடி பட்டையும் அலுமினியக் காடியும் 1,500. இஎஸ்பி32 450, ரேடார் 350, லேசர் தூரமானி 250. பிடிகம்பி, கதவு, படி வேலை 3,700. எலக்ட்ரீஷியன் கூலி 2,000. மொத்தம் 14,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். பணம் குறைவாக இருந்தால் கதவு, பிடிகம்பி, படி, இரவு விளக்கு ஆகியவற்றை முதலில் முடித்துவிடுங்கள். விழுவதைத் தடுப்பவை அவை. மற்றவை விழுந்த பிறகு உதவுபவை.

மாதம் ஒரு முறை மகள் வரும்போது கயிற்றை இழுத்து எதிர்வீட்டுப் போன் அடிக்கிறதா என்று பார்ப்பார், எதிர்வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு. லேசர் தூரமானியின் கண்ணில் படியும் தறிப் பஞ்சைத் துணியால் துடைக்க வேண்டும். படிந்தால் எப்போதும் பக்கத்தில் ஏதோ இருப்பதாகக் காட்டி விளக்கை அணையவிடாது. பெட்டியின் வயர்த் துளைகளைச் சிலிக்கோன் வைத்து அடைத்துவிடுவது நல்லது, உள்ளே கதகதப்பு என்பதால் பல்லி குடிவரும்.

அடுத்த வீட்டில் மாற்றப் போவது பேட்டரியை. ஈய அமில பேட்டரியின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய பாதியாகும். சேலத்து வெயிலில் இரண்டு ஆண்டுக்கு மேல் அதை நம்ப முடியாது. நான்கு செல் கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் அடுக்கு விலையில் இரண்டு மடங்குக்கு மேல், ஆனால் சூட்டைத் தாங்கும். அதற்குப் பழைய சார்ஜர் ஆகாது, 14.4 வோல்ட் தரும் தனிச் சார்ஜரும், செல்களைக் காக்கும் பிஎம்எஸ் பலகையும் வேண்டும். குளியலறைக்குப் போகும் வயரையும் சுவரோரக் காடியில் விடாமல் இரும்புக் குழாயில் விடப் போகிறோம். எலி ஏற்கெனவே ஒரு முறை அறுத்துவிட்டது, 3.3 வோல்ட் கணக்கு அதை அன்றே சொல்லிவிட்டது என்றாலும், மறுநாள் ஆள் வந்து வயர் மாற்றும் வரை கயிறு வெறும் கயிறாகத்தான் தொங்கியது.